அக்கா சொல்றாங்க

எங்கள் கம்பெனியில் இருந்த அந்தத் தம்பிக்குப் பசிக்காது. பசி எப்போதும் பக்கத்தில் இருக்கிற வேறு யாருக்காவதுதான் எடுக்கும். "அக்கா, அங்க எல்லாருக்கும் ஒரு தேத்தண்ணி குடிச்சா நல்லா இருக்குமாம்" என்று வந்து என் தேத்தண்ணி அறை வாசலில் நிற்பார். நான் எட்டிப் பார்ப்பேன். அங்கே எல்லாரும் கம்பியூட்டருக்குள் தலையை விட்டுத் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தருக்கும் தேத்தண்ணி நினைப்பே இருக்காது. ஒரே ஒரு கோப்பை ஊற்றி அவர் கையில் கொடுப்பேன். மூன்று மடக்கில் குடித்துவிட்டு, "அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் சீனி வேணுமாம்" என்பார்.

பஸ்ஸிலும் அப்படித்தான். நாங்கள் இரண்டு பேருமே குண்டசாலைப் பக்கம். ஒருநாள் ஒன்றாக வந்தோம். அவர் இறங்குகிற இடம் வந்ததும், "கண்டக்டர், இந்த அம்மா இறங்கணுமாம்" என்று என்னைக் காட்டினார். பஸ் நின்றது. அவர் இறங்கிவிட்டார். நான் இறங்குகிற ஹோல்ட் இன்னும் தள்ளி. ஆனால் பஸ்ஸே திரும்பி என்னைப் பார்க்கிறது, கண்டக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். 'நான் இறங்கச் சொல்லவில்லை' என்று சொல்ல என் மானம் இடம் கொடுக்கவில்லை. மரியாதையாக இறங்கி மிச்சத் தூரத்தை நடந்தேன். வழியெல்லாம் அவரைத் திட்டினேன். இப்போது யோசித்தால் திட்ட வேண்டியது என் மானத்தைத்தான்.

அவருடைய வீட்டுக்காரி ஒருதரம் சிரித்துச் சிரித்துச் சொன்னது இது. கல்யாணத்துக்கு முதல் அவளிடம் தன் மனசைச் சொல்ல வந்தவர், "எங்க அம்மாவுக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாராம். அம்மா தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார், இந்தப் பிள்ளையைக் கண்ணால் கண்டதில்லை. "அப்ப உங்க அம்மாவையே வந்து கட்டிக்கச் சொல்லுங்க" என்று இந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது. பிறகும் எப்படியோ கல்யாணம் நடந்தது. யார் வாயால் தாலி கட்டினாரோ தெரியாது.

நான் அந்தக் கம்பெனியில் தேத்தண்ணி போடுகிறவள். ரோட்டோரக் கட்டடம், கீழே சீலைக் கடை, மேலே எங்கள் கம்பெனி. 'எங்கள்' என்றுதான் ஊரில் சொல்வேன். அங்கே என்ன செய்து விற்கிறார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சாமான் ஏற்ற ஒரு லொறி வந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டில் யாராவது கேட்டால், "அது உங்களுக்குச் சொன்னா விளங்காது" என்று சொல்லிவிடுவேன். சின்ன வயதில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், மழைக்கு ஒதுங்கினேன் என்றும் சொல்லலாம். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு வாசிப்பேன். அதற்கு மேல் எழுத்துக்கும் எனக்கும் பெரிய கொடுக்கல் வாங்கல் இல்லை. அறுபதைத் தாண்டிய என்னை அங்கே சிங்களப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் சம்பளம் இல்லாமலும் வேலை செய்திருப்பேன். கம்பெனியும் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்வித்தது.

மற்றப் பிள்ளைகளுக்கும் குறைகள் நிறைய இருந்தன. அவர்கள் வேலை செய்து கொடுப்பது வெளிநாட்டுக்காரருக்கு. அதனால் லீவும் அந்த நாட்டு லீவுதான். அங்கே குதிரைப் பந்தயம் ஓடுகிற நாளுக்கு இங்கே லீவு. இங்கே பௌர்ணமிப் போயா, தீபாவளி, பெருநாள் எல்லாவற்றுக்கும் வேலை. தீபாவளியன்று பட்டுடுத்திக்கொண்டு வேலைக்கு வரலாம், போட்டோ எடுப்போம் என்று ஒரு சலுகை. அரிசி, பால்மா எல்லாம் விலை ஏறிக் கிடந்த காலம் அது. வருசத்துக்கு ஒருதரம் சம்பளம் கூடும் என்று காத்திருந்த பிள்ளைகளுக்குக் கம்பெனி பேர் அடித்த தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். மூடி நல்ல இறுக்கம். எனக்கும் ஒன்று கிடைத்தது.

இதையெல்லாம் பிள்ளைகள் பேசுகிற இடம் என்னுடைய தேத்தண்ணி அறை. வந்து நின்று மெனேஜரைத் திட்டுவார்கள், கொழும்பில் இருக்கிற பெரியவரைத் திட்டுவார்கள், கோப்பையைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போவார்கள். அந்தத் தம்பி மட்டும் ஒன்றும் பேசமாட்டார். மூலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். வாயில்லாப் பூச்சி என்று நான் நினைத்திருந்தேன்.

பிறகு ஒரு அதிசயம் நடந்தது. மெனேஜர் எனக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்தார். மெனேஜர் சிங்களவர், நல்ல உயரம், எதிரில் வந்தால் என்னைச் சுவரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டுப் போகிறவர். அவர் ஒரு காலையில் நின்று, சுகமா, சாப்பிட்டாச்சா என்று கேட்டார். இன்னொரு நாள் தட்டோடு உள்ளே போனேன், கதிரையை விட்டு அரைவாசி எழும்பினார். அதற்கடுத்த நாள் தன் கோப்பையைத் தானே கழுவினார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் இஞ்சித் தேத்தண்ணிதான் இத்தனையும் செய்கிறது என்று நினைத்தேன். இஞ்சியை இரண்டு மடங்காக்கினேன். அலுமாரியில் இருந்த நல்ல சீலைகளை எடுத்து வேலைக்கு உடுத்த ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டில், "மெனேஜர் என்னைக் கேக்காம ஒண்ணும் செய்றதில்ல" என்றும் ஒரு வார்த்தை விட்டு வைத்தேன்.

என் கண்ணைத் திறந்து வைத்தது மடவளை ஊரிலிருந்து வருகிற ஒரு பிள்ளை. அவளும் அங்கே கம்பியூட்டரில் வேலை செய்கிறவள், வாய்க்காரி. ஒருநாள் உள்ளே வந்து என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

"அல்லாவே, அக்கா! நேத்து மீட்டிங்ல மெனேஜர உரிச்சுத் தொங்கப் போட்டுட்டீங்களே!"

"நான் எங்க புள்ள மீட்டிங்குக்கு வந்தேன்?"

"நீங்க வரல்ல. நீங்க சென்னதெல்லாம் வந்திச்சே." அவள் அந்தத் தம்பியின் குரலைப் பிடித்துக்கொண்டு கையைக் கட்டி நின்று காட்டினாள். "'சேர், அக்கா கேக்குறாங்க, போத்தல்ல தண்ணி ஊத்தி வச்சா இன்கிரிமென்ட் முளைக்குமானு. அக்கா சொல்றாங்க சேர், ஒரே குடும்பம் ஒரே குடும்பம்னு சொல்றீங்களாம், எந்தக் குடும்பத்துல நல்ல நாளும் பெரிய நாளுமா புள்ளைகள வேலைக்கு அனுப்புறாங்கனு.' ரெண்டு மாசமா இதுதானே நடக்குது. உங்களுக்குத் தெரியாதா?"

"மெனேஜர் அதுக்கு என்ன சொன்னாரு?"

"அதான் அக்கா பெரிய புதினம். நாங்க கேட்டா 'பாப்போம்' எண்டு முடிச்சிருவாரு. நீங்க கேட்டீங்க எண்டதும் நிமிர்ந்து இருந்து பதில் செல்றாரு. தாய் வயசுல இருக்கிற ஆள் கேட்டா அவரும்தான் என்ன செய்வாரு?"

என் இஞ்சிக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. வந்த கோபத்தில் அந்தத் தம்பியைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"தம்பி, என் வாய் என்கிட்டதான் இருக்கா? இல்ல நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்களா?"

அவர் முகம் கறுத்துப்போனது. "அது வந்து அக்கா... யாரோ சொல்லியிருப்பாங்க போல..."

"யாரோ இல்ல. நீங்கதான். நான் கேக்குறேன், நீங்க சொல்லுங்க."

கோப்பைகளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "எனக்குன்னு கேட்டா வாய் பூட்டிக்குது அக்கா. 'உனக்கு என்ன குறை'னு திருப்பிக் கேட்டா அதுக்குப் பதில் வராது. உங்க பேரச் சொன்னா வாய் தானா திறக்குது. நீங்க யாருக்கும் பயப்பட மாட்டீங்கதானே."

கடைசியில் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இருந்தாலும் முகத்தை இளக்கவில்லை. "அப்படி என்ன பெரிய குறை உங்களுக்கு?"

"அடுத்த மாசம் வீட்டுக்காரிக்குப் புள்ள கெடைக்கப் போவுது. லீவு கேட்டேன்."

"நீங்க கேட்டீங்களா, நான் கேட்டேனா?"

"நீங்கதான் அக்கா கேட்டீங்க. புள்ள பிறக்கிறப்ப தகப்பன் பக்கத்துல இருக்க ஒரு கிழமை லீவு உண்டானு. பெத்துக்கிறவங்களுக்குத்தான் லீவு, பாத்துக்கிட்டு நிக்கிறவங்களுக்கு இல்லனு சொல்லிட்டாங்க. அந்தக் கிழமை வேலைய முடிச்சு வெளிநாட்டுக்குக் குடுக்கிற கிழமையாம். சொந்த லீவும் எடுக்க ஏலாதாம்." ஒரு கோப்பையை எடுத்துத் திருப்பி வைத்தார். "அவளுக்கு அம்மா இல்ல. மொதப் புள்ள தங்கவும் இல்ல அக்கா. அன்னைக்கும் நான் இங்கதான் இருந்தேன். மீட்டிங்ல."

நல்ல மனுசியாக இருந்தால் அந்த இடத்தில் அழுதிருப்பேன். எனக்கு வந்தது அழுகை இல்லை. 'அக்கா கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டார்களா!' என்ற கோபம்தான் முதலில் வந்தது. நான் கேட்காததைக் கேட்டு, எனக்குத் தெரியாமலே என்னை மறுத்திருக்கிறார்கள். என்ன துணிச்சல்!

"திரும்பக் கேளுங்க" என்றேன். "நான் ரொம்பக் கோவமா இருக்கேன்னு சொல்லுங்க. அதோட இந்த ரூம்ல ஃபேன் ஓடலைன்னும் சொல்லிருங்க."

அதற்குப் பிறகு எனக்கும் அவருக்கும் ஒரு ஒப்பந்தம் மாதிரி ஆகிவிட்டது. காலையில் அவர் வந்து நிற்பார். நான் கோப்பையைத் துடைத்துக்கொண்டே, "இன்னைக்கு எனக்கு என்ன கோவம்?" என்று கேட்பேன். அவர் சொல்லுவார். "அதுல கொஞ்சம் காரம் காணாது" என்று நான் கூட்டிக் கொடுப்பேன். சாயங்காலம் மடவளைப் பிள்ளை வந்து நான் எப்படிப் பேசினேன் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போவாள். நான் பேசியதைக் கேட்டு நானே அசந்துபோன நாட்கள் உண்டு.

பிறகு ஒருநாள் கொழும்பிலிருந்து பெரியவர் வந்தார். அந்த அக்காவை வரச் சொல்லுங்கள் என்று ஆள் வந்தது. அந்தத் தம்பி என் வாசலில் நின்றார். "அக்கா, மத்ததெல்லாம் விட்டுருங்க. புள்ளக்கி லீவு மட்டும்" என்றார். "நான் பாத்துக்கிறேன், நீங்க போய்த் தட்டுங்க" என்று முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு போனேன்.

பெரியவர் யாழ்ப்பாணத்து ஆள், பதவிசான மனுசன். "வாங்கோ அக்கா, இருங்கோ" என்றார். இருந்தேன். அது சில்லு வைத்த கதிரை. இருந்த உடனே என்னைக் கொண்டுபோய்ச் சுவரோரம் விட்டது. மெனேஜர் எழும்பி வந்து தள்ளிக்கொண்டுபோய் மேசைக்கு முன்னால் நிறுத்தினார். கௌரவம் அரைவாசி அங்கேயே போய்விட்டது. மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்று நிமிர்ந்து இருந்தேன்.

பெரியவர் தன் போனைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"சம்பளம் காணாதெண்டு சொன்னது நீங்களோ?"

"ஆமாங்க, நான்தான்."

"போயாவுக்கு வேலை வைக்கிறது அநியாயம் எண்டது?"

"அதும் நான்தான்."

"இஞ்சத்தை அப்ரைசல் முறை சரியில்லை எண்டும் சொன்னனீங்களாம்."

அப்ரைசல் என்றால் என்ன சாமான் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்கிற பழக்கமும் எனக்கு இல்லை. "சொன்னேன். இப்பவும் சொல்றேன்" என்றேன். பெரியவர் மெனேஜரைப் பார்த்தார், மெனேஜர் நிலத்தைப் பார்த்தார். எனக்கு ஏறிவிட்டது. வாழ்க்கையில் இப்படி ஒரு கதிரையில் இருந்து ஒரு ஆம்பிளையை நிலம் பார்க்க வைத்தது அதுதான் முதல் தடவை. அடுத்ததைக் கேட்கட்டும், அதற்கடுத்ததைக் கேட்கட்டும் என்று இருந்தது.

"பிள்ளை பிறக்கேக்கை ஒரு கிழமை லீவு வேணுமெண்டு..." பெரியவர் நிறுத்தி என் நரைத்த தலையைப் பார்த்தார். "அக்கா, இது ஆருக்கு? உங்களுக்கோ?"

"எனக்குத்தான்!" என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. பெரியவர் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தார். மெனேஜருக்கு இருமல் வந்தது. நான் வாயைத் திறந்து திருத்தப் பார்த்தேன், பெரியவர் விடவில்லை. கையைக் கூப்பி எழும்பிவிட்டார். "சரி அக்கா, எனக்கு எல்லாம் விளங்கீட்டுது. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றார். இந்த வயதான மனுசியை எல்லாரும் வேலை வாங்கி மனசு குழம்ப வைத்துவிட்டீர்கள் என்று மெனேஜருக்கு இங்கிலீசில் ஏசினாராம். அதை மடவளைப் பிள்ளைதான் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள்.

அடுத்த கிழமை எல்லாருக்கும் கம்பியூட்டரில் ஒரு அறிவித்தல் வந்தது. ஊழியர்களின் குறைகள் கேட்டுத் தீர்க்கப்பட்டன என்று. தீர்த்த விதம் இதுதான். எனக்குச் சம்பளம் கூட்டினார்கள். போயாவுக்கெல்லாம் எனக்குச் சம்பளத்தோடு லீவு. தேத்தண்ணி அறைக்குப் புது ஃபேன். வேறு யாருக்கும் ஒரு சதக் காசு இல்லை, ஒரு மணித்தியால லீவு இல்லை. அந்தக் கம்பெனியில் போராடிச் சம்பளம் கூட்டிக்கொண்ட ஒரே ஆள் நான்தான். நான் போராடவேயில்லை.

பிள்ளைகள் வந்து கை கொடுத்தார்கள். சந்தோசமாகத்தான் கொடுத்தார்கள், ஆனால் புளியங்காயைக் கடித்த முகம். "அக்கா, அடுத்த புள்ளைக்கும் சொல்லி வச்சுருங்க" என்று ஒருத்தன் சொன்னான். அந்தத் தம்பி மட்டும் வரவில்லை. தேத்தண்ணிக்கும் வரவில்லை. நானே கொண்டுபோய் வைத்தேன். "அவங்களுக்கு வேணாமாம் அக்கா" என்றார். புது ஃபேனுக்குக் கீழே நின்றும் எனக்கு வேர்த்தது.

பிள்ளைப் பேறு நாள் வந்தது. சொன்ன மாதிரியே அது வேலை முடித்துக் கொடுக்கிற கிழமை. ஒருத்தரும் அசையக்கூடாது என்று மெனேஜர் நடந்துகொண்டிருந்தார். பத்து மணி இருக்கும். அந்தத் தம்பி போனைப் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்.  வீட்டுக்காரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம், பக்கத்து வீட்டுக்காரர்கள் போன் எடுத்துச் சொன்னார்களாம்.

"அக்கா, உங்களுக்கு நெஞ்சு வலிக்குதா?" என்றார்.

"எனக்கு ஏன்பா வலிக்கணும்?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் இரண்டும் நிறைந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் லேட்டாகத்தான் விளங்கும். விளங்கியதும் கையில் இருந்த கோப்பையைப் போட்டேன், நெஞ்சைப் பிடித்தேன். "ஐயோ!" என்று நான் போட்ட சத்தத்துக்குக் கீழே சீலைக் கடையிலிருந்தும் ஆள் வந்துவிட்டது.

"சேர், அக்காவுக்கு முடியல! ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம்!"

மெனேஜர் பயந்துவிட்டார். பெரியவர் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாரே. ஓடு, ஓடு, கூட்டிக்கொண்டு போ என்று அவரே த்ரீவீலரை நிறுத்தினார். அவசரத்தில் நான் நெஞ்சு வலியை மறந்து எல்லாருக்கும் முன்னால் படியிறங்கி ஓடியிருக்கிறேன். "அக்கா, நெஞ்சு, நெஞ்சு" என்று மடவளைப் பிள்ளை பின்னால் ஓடி வந்து ஞாபகப்படுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேறு வார்ட்டுக்கு வெளியே ஒரு நீட்டு மர வாங்கில் இரண்டு பேரும் இருந்தோம். உள்ளே விடமாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பொம்பளை துணிப்பையையும் சுடுதண்ணீர்ப் போத்தலையும் எங்களிடம் தந்துவிட்டுப் போனாள்.  கதவு திறக்கிற போதெல்லாம் அந்தத் தம்பி எழும்பினார், வேறு யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள், திரும்ப வாங்கில் இருந்தார். போன தடவை மீட்டிங் முடிந்து வந்து நின்றதும் இந்தக் கதவுக்கு முன்னால்தானாம். அதை மட்டும் சொன்னார்.

மத்தியானம் தாண்டி நர்ஸ் மிஸ் ஒருத்தி வந்து அவர் வீட்டுக்காரியின் பெயரைக் கூப்பிட்டாள். அவர் துள்ளி எழும்பினார். பிறகு என்னைக் காட்டினார். "மிஸ், அக்கா கேக்குறாங்க... நல்லா இருக்காங்களானு..."

மிஸ்ஸுக்கு ஆயிரம் வேலை. "அக்கா இருக்கட்டும். தகப்பன் யாரு?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இந்த ஒரு தடவை என்னால் 'நான்தான்' என்று சொல்ல முடியாதே.

"நான்" என்றார்.

"பொம்பளைப் புள்ள. ரெண்டு பேரும் சுகம். துணியக் குடுங்க."

துணிப்பையைக் கொடுத்துவிட்டு அந்த மனுசன் சுவரில் சாய்ந்தார். அப்போது போன் அடித்தது. மெனேஜர். அக்காவுக்கு எப்படி என்று கேட்டிருப்பார்.

பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கிழமைச் சம்பளத்தை அவருக்கு வெட்டினார்கள். ஆளை நிறுத்தவில்லை, வேலை முடிக்க ஆள் இல்லை. கொஞ்ச மாதத்தில் அவரே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். எனக்கு இங்கிலீசில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். வாசிக்கத் தெரியாததால் நான் பயப்படவில்லை.

அன்றைக்கு அவர் போனைக் காதில் வைத்ததும் நானும் பக்கத்தில் போய் நின்றேன். எப்படியும் என் பெயர் வரும். அக்கா சொல்றாங்க, அக்காவுக்கு வலி கடுமை, அக்கா விடமாட்டேங்கிறாங்க என்று ஏதாவது வரும். வந்தால் போனை வாங்கி நாலு வார்த்தை பேசலாம் என்று சீலையைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

"அக்கா நல்லா இருக்காங்க சேர். அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் புள்ள கெடைச்சிருக்கு" என்றார் அந்தத் தம்பி. அந்தப் பக்கம் மெனேஜர் கத்துவது எனக்கும் கேட்டது. "இல்ல சேர். இந்தக் கிழமை நான் வரமாட்டேன். நான் கேக்கல சேர், நான் சொல்றேன்."

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மிஸ் போன பக்கம் விறுவிறு என்று நடந்துவிட்டார். நான் சுடுதண்ணீர்ப் போத்தலோடு அங்கேயே நின்றேன். பிள்ளை பிறந்தது சந்தோசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. இருந்தாலும் அவ்வளவு பேச்சிலும், ஒரு இடத்திலாவது, 'அக்காவும் அதைத்தான் சொல்றாங்க' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம்.